உணவுக்குழாய் ஆபரேஷனுக்கு அப்புறம் சாப்பாட்டோட பட்ட பாடு

செக்கானூரணிக்காரன்:

அப்பாவுக்கு உணவுக்குழாய்ல கேன்சர். கீமோவும் கரண்டும் (கதிர்வீச்சு) முடிச்சு ஆபரேஷன் பண்ணாங்க. குழாயை எடுத்துட்டு, இரைப்பையையே ஒடுக்கமாத் தைச்சு நெஞ்சு வழியா மேல இழுத்துக் கழுத்துல சேர்த்துட்டாங்க. எல்லாரும் ஆபரேஷனைப் பத்தியே கேக்குறாங்க. அது டாக்டர் பாடு. அதுக்கப்புறம்தான் நம்ம பாடு.

டிஸ்சார்ஜ் ஆகுறதுக்கு முன்னாடியே கழுத்துத் தையல்ல எச்சில் கசிய ஆரம்பிச்சிருச்சு. டாக்டர் அந்த இடத்தைப் பிரிச்சு விட்டு தினம் கட்டுப் போடச் சொன்னார். வாய் வழியா ஒரு சொட்டு கூடாது, சிறுகுடல்ல போட்ட ட்யூப்லதான் சாப்பாடு. மெல்ல மெல்ல தானாவே அடைஞ்சிருச்சு. கழுத்துல கசிஞ்சா இப்படிச் சமாளிக்கலாம். இணைப்பு நெஞ்சுக்குள்ள இருந்து கசிஞ்சா கதை வேற. காய்ச்சல், நெஞ்சு வலி, மூச்சு வாங்குறதுன்னு வந்தா விடியட்டும்னு வீட்டுல வச்சிருக்காதீங்க.

ட்யூப்ல ஊத்துறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் சிரிஞ்சுல வெதுவெதுப்பான தண்ணி விடணும். மாத்திரைத் தூள் போய் அடைச்சிக்கிட்டப்ப, சித்தப்பா கொடிக்கம்பியை எடுத்துக்கிட்டு வந்துட்டார். நல்லவேளை, அம்மா பிடுங்கிட்டாங்க.

அடுத்தது பருத்திப்பால். அப்பா வாயில சாப்பிட ஆரம்பிச்ச புதுசு. "ஒடம்பு தேறட்டும்"னு அத்தை கருப்பட்டி தூக்கலாப் போட்டுத் தூக்குவாளி நிறையக் கொண்டு வந்தாங்க. அப்பாவும் ஆசையா ஒரு டம்ளரை மடமடன்னு குடிச்சிட்டார். கால் மணி நேரம் இருக்கும். பனியன் நனையுற அளவுக்கு வேர்வை, நெஞ்சு படபடப்பு, வயித்தை முறுக்கிப் பேதி. ஹார்ட் அட்டாக்னே நெனச்சு ஆட்டோவைக் கூப்பிட்டோம். போனா ஈசிஜி நல்லா இருக்கு. 'டம்பிங்'னு சொன்னாங்க. முன்னாடி இரைப்பை சாப்பாட்டைத் தேக்கி வச்சுக் கொஞ்சம் கொஞ்சமா இறக்கும். இப்ப அந்தத் தேக்கம் இல்ல. இனிப்பு ஒரே அடியாக் குடல்ல விழுந்து ஒடம்புத் தண்ணியை உள்ள இழுக்குது. இன்னொரு வகை, சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் வாக்குல வரும். சுகர் திடீர்னு இறங்கிக் கை நடுங்கும், கண்ணைக் கட்டும். அப்படி வந்தா உடனே சுகர் டெஸ்ட் பண்ணிப் பாருங்க.

இப்ப நாளைக்கு ஆறு தடவை, கையளவு சாப்பாடு. ஒவ்வொரு தடவையும் முட்டை, மீன், பருப்புன்னு ஏதாவது ஒண்ணு இருக்கும். தண்ணி அரை மணி நேரம் தள்ளித்தான். ஜிகர்தண்டா கடைப் பக்கம் வண்டியையே திருப்புறது இல்ல.

மேலூர் மருமகள்:

எங்க மாமாவுக்கு டம்பிங் எல்லாம் வரல அண்ணா. எல்லாம் நல்லாப் போயிக்கிட்டு இருந்துச்சு, மூணாவது மாசம் தொண்டைக்குக் கீழ இறங்க மாட்டேன்னுருச்சு. மொதல்ல கறி, அப்புறம் இட்லி, கடைசில கஞ்சியும் நின்னுச்சு. அவரு வாய் விட்டுச் சொல்லல. ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்குத் தண்ணி குடிக்கிறாரு, கொல்லைப் பக்கம் போய்த் துப்பிட்டு வர்றாருன்னு நாந்தான் கவனிச்சேன். நோய் திரும்பிருச்சுன்னு வீடே அழுதுச்சு. எண்டோஸ்கோப்பி பண்ணி, சதையும் எடுத்து டெஸ்ட் பண்ணாங்க. கேன்சர் இல்ல, தைச்ச இடம் தழும்பாகிச் சுருங்கியிருக்கு, அவ்வளவுதான். பலூன் விட்டு விரிச்சாங்க. ஒரே தடவையில சரியாகாது, மறுபடி சுருங்கும், மறுபடி விரிக்கணும்னு முன்னாடியே சொல்லிருந்தா இவ்வளவு பதறியிருக்க மாட்டோம்.

அண்ணா சொன்னது உள்ள போன பிறகு வர்ற தொந்தரவு. எங்களுக்கு வந்தது உள்ளயே போகாத தொந்தரவு. டாக்டர்கிட்ட இந்த வித்தியாசத்தைத் தெளிவாச் சொல்லுங்க.

வாடிப்பட்டி பெரியவர்:

நான் ஆபரேஷன் ஆனவனே. படுத்தா பித்தத் தண்ணி தொண்டைக்கு வரும், ராத்திரி இருமி எந்திரிப்பேன். தலகாணியை அடுக்கிப் பாத்தேன், வயிறு மடங்கி இன்னும் மோசம். இப்பக் கட்டிலோட தலமாட்டுக் காலு ரெண்டுக்கும் அடியில செங்கல் வச்சிருக்கு. பொழுது சாயும்போதே சாப்பிட்டுருவேன், மூணு மணி நேரம் கழிச்சுத்தான் படுக்கை. குரல் கம்மிப் போச்சு, தண்ணி குடிச்சாப் புரையேறும். குரல் நரம்பு அசந்திருக்குன்னாங்க. தாடையை நெஞ்சுப் பக்கம் தாழ்த்தி முழுங்கப் பழக்கி விட்டாங்க. இப்பப் பரவாயில்ல.

பெரிய தொல்லை விசேஷ வீடுதான். கெடா வெட்டுக்குப் போய் ரெண்டு வாய் சாப்பிட்டு எந்திரிச்சா, "என்ன மச்சான், எங்க வீட்டுக் கறி எறங்கலையா?"ன்னு சம்பந்தகாரங்க மொகம் சுருங்குது. நெஞ்சுக்குள்ள வயிறு இருக்குன்னா நம்ப மாட்டேங்குறாங்க. அதனால இப்பப் பந்தியிலேயே உக்காருறது இல்ல. மொய்யை எழுதிட்டு, ஒரு டிபன் பாக்ஸ்ல கறியும் ஈரலும் வாங்கிட்டு வந்துருவேன். பொழுதுக்கும் வச்சு நாலு தடவையாச் சாப்பிடுவேன். அவங்களுக்கும் சந்தோசம்.