புதுப்பிப்பு: தங்கையின் கர்ப்பப்பையை எடுக்கவில்லை, காரணம் தைராய்டு

டவுன் சிண்ட்ரோம் உள்ள என் தங்கைக்கு மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகம், நாப்கின் மாற்றத் தெரியவில்லை, கர்ப்பப்பையை எடுத்துவிடச் சொல்கிறார்கள் என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

தைராய்டு பார்க்கச் சொன்ன அக்காவின் யோசனைதான் பலித்தது. தொண்டியிலிருந்து ராமநாதபுரம் போய் ரத்தப் பரிசோதனை செய்தோம், தைராய்டு குறைவு. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு இது அடிக்கடி வரும், உதிரப்போக்கையும் கூட்டும் என்றார் டாக்டரம்மா. மாத்திரை தொடங்கியபின் போக்கு மெல்லக் குறைந்துவிட்டது.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 10ஆம் பிரிவைச் சொன்னவருக்கும் நன்றி. அவளே விவரம் புரிந்து சம்மதிக்காமல், கருத்தரிக்க முடியாமல் செய்யும் எந்தச் சிகிச்சையும் கூடாது. "எடுத்துட்டா நிம்மதி" என்று நச்சரித்த பெரியம்மாவுக்கு அதை வாசித்துக் காட்டினேன். அப்புறம் அந்தப் பேச்சே இல்லை.

நாப்கினுக்குப் பொம்மை வைத்துக் காட்டியது எடுபடவில்லை. உள்ளாடையில் வைக்க வேண்டிய இடத்தைச் சுற்றிச் சிவப்பு நூலால் தைத்துக் கொடுத்தேன், சட்டென்று பிடித்துக்கொண்டாள்.

எதிர்பாராத ஒன்று: உடல் உறுப்புகளின் பெயர்களைக் கூச்சமில்லாமல் சொல்லிக்கொடுத்திருந்தோம். வயிற்றைத் தொட வந்த டாக்டரிடம் "கேட்டுட்டுத் தொடுங்க" என்றாள். அவரும் கேட்டார், காத்திருந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

தைராய்டு மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் கொடுங்கள். டீ அரைமணி நேரம் கழித்துத்தான்.