யாண்டுப்பெயர்: ஒரு மாதப் பேரரசரிடம் உரசிப் பார்த்தது

நண்பர்களுக்கு வணக்கம்.

சீனப் பேரரசர்கள் ஆண்டுகளை எண்ணுவதற்காக அவற்றுக்குச் சூட்டிய பெயர் 'நியன்ஹாவ்'. அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற நம் பேச்சில் இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: சகாப்தப் பெயர், ஆட்சிப்பெயர், ஆண்டுப்பெயர். மூன்றையும் தாய்ச்சாங் பேரரசரை வைத்துச் சோதித்துப் பார்த்தேன்.

மிங் மரபின் வான்லி பேரரசர் 48 ஆண்டுகள் அரியணையில் இருந்துவிட்டு 1620 ஆகஸ்டில் இறந்தார். அவர் மகன் சூ சாங்லுவோதான் தாய்ச்சாங் பேரரசர். முடிசூடும்வரைகூட அவர் காத்திருக்கவில்லை. குடிகளை வாட்டிய சுரங்க வரியை நீக்கினார், எல்லைப் படைகளுக்கு அரண்மனைக் கருவூலத்திலிருந்து இருபது லட்சம் லியாங் (சீன எடை அளவு) வெள்ளி அனுப்பினார். தந்தை காலத்தில் ஆளில்லாமல் கிடந்த பதவிகளையும் நிரப்பத் தொடங்கினார். ஆகஸ்ட் 28 அன்று முடிசூடினார். சில நாட்களிலேயே வயிற்றுப்போக்கில் படுத்தார். அதிகாரி ஒருவர் கொடுத்த சிவப்பு மாத்திரையில் முதலாவது கொஞ்சம் தெம்பு தந்தது. இரண்டாவதை விழுங்கியவர் மறுநாள் விடியலில், செப்டம்பர் 26 அன்று, இறந்துபோனார்.

சிக்கல் இதற்கு அப்புறம்தான். மிங் வழக்கப்படி புதிய பெயர் அடுத்த புத்தாண்டில்தான் தொடங்கும். ஆனால் அடுத்த ஆண்டு இவர் மகன் சூட்டிய 'தியன்சி' என்ற பெயருக்கு உரியது. அப்படியானால் தாய்ச்சாங்கை எங்கே வைப்பது? அந்தப் பெயரையே விட்டுவிடலாம் என்றார்கள் சிலர். தந்தையின் பெயரால் ஓடிக்கொண்டிருந்த அந்த ஆண்டின் 'வான்லி 48' என்ற பெயரை அழித்து முழு ஆண்டையும் இவருக்கே கொடுக்கலாம் என்றார்கள் வேறு சிலர். தியன்சியை ஓராண்டு தள்ளிவைக்கலாம் என்றும் ஒரு பேச்சு. கடைசியில் ஸுவோ குவாங்டோ என்ற அதிகாரி சொன்னது நின்றது: ஏழாம் மாதம்வரை வான்லி 48, எட்டாம் மாதம் முதல் ஆண்டு முடியத் தாய்ச்சாங் 1. நல்லது செய்யத் தொடங்கிய ஒருவரின் பெயர் காலக்கணக்கிலிருந்து போய்விடக் கூடாது என்று ஒருவராவது மல்லுக்கட்டியிருக்கிறார். படிக்கும்போது மனசு நிறைந்துவிட்டது.

இப்போது சொற்களுக்கு வருகிறேன். இவர் ஆண்டது ஒரு மாதம், பெயர் ஓடியது ஐந்து மாதம். 'தாய்ச்சாங் துங்பாவ்' என்று பொறித்த காசுகளை வார்த்ததுகூட மகன் காலத்தில்தான். ஆகவே 'ஆட்சிப்பெயர்' பொருந்தாது. சகாப்தம் என்றால் சக ஆண்டுபோல் அறாமல் ஓடும் கணக்கு. ஐந்து மாதத்துக்கு அது தாங்காது. 'ஆண்டுப்பெயர்' என்றதும் நம் காதில் பிரபவ, விபவ என்றுதான் விழும்.

நான் முன்வைப்பது யாண்டுப்பெயர். சோழர் கல்வெட்டுகளில் 'தேவர்க்கு யாண்டு இத்தனையாவது' என்று வருமே, அந்த யாண்டு. மன்னரை ஒட்டி எண்ணும் ஆண்டு என்ற பொருள் அதில் ஏற்கெனவே ஊறிக் கிடக்கிறது. சோழர் எண்ணியது மன்னரின் பெயரால், சீனர் எண்ணியது சூட்டிய பெயரால். அந்த வேறுபாட்டைப் 'பெயர்' என்ற பின்பாதி காட்டிவிடும். 'யாண்டும் இடும்பை இல' என்ற குறளில் இதே சொல் 'எப்போதும்' என்ற வேறு பொருளில் வருகிறதே என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். சரிதான், ஆனால் தொகைச்சொல்லில் அந்த மயக்கம் வராது.

எழுதிப் பாருங்கள்: வான்லி யாண்டு 48, தாய்ச்சாங் யாண்டு 1. இதே வழக்கமுள்ள ஜப்பானுக்கும் ஒத்துவருகிறது: 2019 ஏப்ரல் முடிய ஹெய்செய் யாண்டு 31, மே முதல் ரெய்வா யாண்டு 1. மறுப்பு இருந்தால் எழுதுங்கள். இல்லையென்றால் மிங் அரசர் பட்டியலில் இந்தச் சொல்லையே போட்டுவிடுகிறேன்.