கட்டளைகளை வாங்கி இயக்கும் பேஷ் ஷெல் தொடங்கும்போது படிக்கும் பேஷ்ஆர்சி கோப்பால் திகைத்துப்போன அனுபவம் உண்டா?

நொய்யல்:
3769546208. இந்த எண் இன்னும் மனத்தைவிட்டுப் போகவில்லை. பலர் சேர்ந்து புழங்கும் சர்வர் கணக்கு அது. தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியாக உள்ளே போனால் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. கோப்புகளை அனுப்பும் எஸ்எஃப்டிபி மட்டும் ‘வந்த செய்தி மிக நீளம்’ என்று இந்த எண்ணைக் காட்டிவிட்டு அறுந்துவிடுகிறது. நெட்வொர்க்கைச் சந்தேகித்தோம், ஃபயர்வாலைச் சந்தேகித்தோம். மாலையில்தான் எண்ணைப் பதினறும எண்ணாக மாற்றிப் பார்த்தேன்: இ0 ஏஇ பி5 இ0. முதல் மூன்று பைட்டும் சேர்ந்தால் யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டில் ‘வ’. நான்காவது, ‘ண’வின் தொடக்கம். யாரோ பேஷ்ஆர்சியின் தலையிலேயே எக்கோ (திரையில் அச்சிடும் கட்டளை) போட்டு ‘வணக்கம்’ என்று எழுதியிருக்கிறார்! எஸ்எஃப்டிபி தொடங்கும்போதும் பேஷ்ஆர்சி ஓடும்; எஸ்எஃப்டிபி முதலில் வரும் நான்கு பைட்டைச் செய்தியின் நீளமாகப் படிக்கும். ஓபன்எஸ்எஸ்எச் மென்பொருள் ஏற்கும் எல்லை 256 கேபி. இதுவோ ஏறத்தாழ 377 கோடி பைட். பேஷ்ஆர்சியில் எதையும் அச்சிடவே கூடாது என்பது அன்றிலிருந்து என் கட்சி.

பொருநை:
எனக்கு நேர்ந்தது மேக்கில். 2019இல் மேக்கின் கேட்டலினா பதிப்பு வந்தபோது ஆப்பிள் புதிய கணக்குகளுக்கு பேஷை விட்டுவிட்டு இசட்ஷெல் என்ற வேறு ஷெல்லைக் கொடுத்தது. லினக்ஸில் பார்த்துப் பார்த்துச் சேர்த்த பேஷ் புரொஃபைலை (உள்நுழையும்போது பேஷ் படிக்கும் கோப்பு) புது மேக்கில் கொண்டுவந்து வைத்தேன். டெர்மினலைத் திறந்தால் ஒரு ஏலியாஸும் (கட்டளைக்கு நாம் வைக்கும் மாற்றுப் பெயர்) இல்லை. கோப்பு இருக்கிறது, ஓர் எழுத்தும் மாறவில்லை, படிக்கத்தான் ஆளில்லை. பேஷுக்கே திரும்பலாம் என்றால் மேக்கோடு வருவது 3.2. பேஷ் 4இலிருந்து உரிமம், கட்டற்ற மென்பொருள் உரிமமான ஜிபிஎல்லின் 3ஆம் பதிப்பு ஆகிவிட்டது, ஆப்பிள் 3.2ஓடு நின்றுவிட்டது. என் கோப்போ 4இல் வந்த அசோசியேட்டிவ் அரேக்களை (பெயரைக் கொண்டு மதிப்பைத் தேடும் பட்டியல்கள்) நம்பியிருந்தது.

சேர்வராயன்:
எங்களிடம் வேலை பழகிய தம்பி ஒருவர் ரெட் ஹாட் சர்வர்களிலேயே வளர்ந்தவர். அங்கே ரூட் என்ற நிர்வாகி கணக்கில், கோப்புகளை அழிக்கும் ஆர்எம் கட்டளை, ஒவ்வொரு கோப்புக்கும் கேட்டுவிட்டு அழிக்கும்படி ஏலியாஸ் செய்யப்பட்டே வரும். அவரோ எல்லாக் கோப்பையும் குறிக்கும் நட்சத்திரக் குறி போட்டு, வருகிற கேள்விக்கெல்லாம் ஆம், இல்லை என்று பதில் சொல்லியே வேண்டாததைக் கழிப்பார். ஒருநாள் டெபியன் சர்வரில் அதையே அடித்தார். கேள்வி வரவில்லை. எல்லாம் அழிந்து, அடுத்த கட்டளைக்குக் காத்திருக்கும் பிராம்ப்ட் திரும்பி வந்துவிட்டது. “ஏன் அண்ணா, கேட்கவே இல்லை?” என்று என்னைப் பார்த்தாரே, அந்த முகத்தை மறக்க முடியவில்லை. பாதுகாப்பு வேண்டுமானால் ஏலியாஸுக்கு வேறு பெயர் வையுங்கள். அது இல்லாத இடத்தில் ‘கட்டளை இல்லை’ என்று வரும், அவ்வளவுதான்.

வெண்ணாறு:
நொய்யல் அவர்களே, எதையும் அச்சிடக் கூடாது என்பது மிகை. குற்றம் வணக்கத்தில் இல்லை, அது இருந்த இடத்தில். டெபியன், உபுண்டு தரும் பேஷ்ஆர்சியின் தொடக்கத்தில், எதிரே ஆள் இல்லாத ஷெல் என்றால் அங்கேயே திரும்பிவிடும் ஒரு சோதனை இருக்கும். அதற்குக் கீழே எழுதியிருந்தால் உங்கள் எஸ்எஃப்டிபிக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

என் அனுபவம் சிறியது. ஏதோ ஒரு நிறுவல் நிரல் என் கணக்கில் பேஷ் புரொஃபைல் என்று புதுக் கோப்பை உருவாக்கிவிட்டது; மறுநாள் எஸ்எஸ்எச்சில் நுழைந்தால் நிறங்களும் ஏலியாஸ்களும் காணோம். உள்நுழையும்போது திறக்கும் லாகின் ஷெல் பேஷ் புரொஃபைல், பேஷ் லாகின், புரொஃபைல் என்ற வரிசையில் தேடி, முதலில் கிடைப்பதை மட்டும் படிக்கும். உபுண்டுவில் பேஷ்ஆர்சியை அழைப்பது அந்தக் கடைசிக் கோப்புதான். ஆகவே பேஷ் புரொஃபைல் வைத்திருப்பவர்கள் அதிலிருந்து பேஷ்ஆர்சியை அழையுங்கள். கட்டளைகளைத் தேடும் இடங்களைச் சொல்லும் பாத் போன்றவை புரொஃபைலில் இருக்கட்டும், ஏலியாஸும் பிராம்ப்ட்டும் பேஷ்ஆர்சியில் இருக்கட்டும். பிராம்ப்ட்டில் நிறம் சேர்க்கும்போது நிறக் குறிகளைப் பின்சாய்வோடு கூடிய சதுர அடைப்புக்குள் வையுங்கள். வைக்காவிட்டால் ஷெல் அவற்றையும் எழுத்தாக எண்ணி, நீளமான கட்டளை அதே வரியின் மேல் ஏறிவிடும். கட்டளை வரலாற்றைக் கோப்பின் கடைசியில் சேர்க்கும் ஹிஸ்ட்அப்பெண்டையும் போட்டுவையுங்கள், இல்லையென்றால் கடைசியாக மூடும் டெர்மினல் மற்றவற்றின் வரலாற்றை அழித்து எழுதும். இவை அத்தனையையும், மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டில் வைத்து, ஜிஎன்யு ஸ்டோ என்ற கருவி கொண்டு இணைப்புகள் போட்டுக்கொள்ளுங்கள். புது இயந்திரம் வந்தால் வேலை சில நிமிடங்களில் முடியும்.

நொய்யல்:
வெண்ணாறு, அந்தச் சோதனை எனக்கும் தெரியும். எங்கள் சர்வரில் இருந்தது டெபியன் அல்ல. அந்தக் கோப்பில் சோதனையே இல்லை. உங்கள் சொந்தக் கணக்கென்றால் கோலம்கூடப் போட்டுக்கொள்ளுங்கள். பொதுக் கணக்கில் என் கட்சியை மாற்றிக்கொள்ள மாட்டேன்.

கொல்லிமலை:
கிட்டில் போடச் சொன்னதால் இது. நண்பர் ஒருவர் பொதுக் களஞ்சியத்தில் ஏற்றிய பேஷ்ஆர்சியில் ஏபிஐ டோக்கனும் (கடவுச்சொல் போன்ற ரகசியச் சாவி) இருந்தது. கண்டதும் அடுத்த கமிட்டில் (மாற்றத்தின் பதிவில்) அந்த வரியை நீக்கிவிட்டு நிம்மதியாக இருந்தார். பழைய கமிட்டைத் திறந்து காட்டினேன், டோக்கன் முழுதாக அப்படியே இருந்தது. முதலில் டோக்கனை ரத்து செய்ய வேண்டும். வரலாற்றைச் சுத்தம் செய்வதெல்லாம் அதற்குப் பிறகு.

பொருநை, பேஷ் 5 நிறுவிக்கொண்டீர்களா, இசட்ஷெல்லுக்கே மாறிவிட்டீர்களா?