மணலில் கிடந்த லேடி பீ குட் விமானம்: அதிலிருந்த ஒன்பது பேர் என்ன ஆனார்கள்?

தூங்காதராத்திரி:
நேற்று ஒரு பழைய படம் கண்ணில் பட்டது. லிபியப் பாலைவனத்தில் நாலு இன்ஜின் வைத்த குண்டுவீச்சு விமானம் ஒன்று வயிற்றால் படுத்துக் கிடக்கிறது, வால் பக்கம் ஒடிந்து தனியாகத் திரும்பி நிற்கிறது, மூக்கில் லேடி பீ குட் என்று கையால் எழுதியிருக்கிறார்கள். 1943இல் காணாமல் போன அமெரிக்க பி-24, 1958இல் எண்ணெய் தேடிப் பறந்தவர்கள் பார்க்கும்வரை அது எங்கே என்று யாருக்கும் தெரியாதாம். உள்ளே போய்ப் பார்த்தால் வானொலி வேலை செய்கிறது, குடிக்கத் தண்ணீரும் இருக்கிறது, ஆள் மட்டும் இல்லை. இவ்வளவையும் விட்டுவிட்டு ஏன் நடந்து போனார்கள்? அவசரப்பட்டுவிட்டார்களோ?

பழையவிமானம்:
இல்லைங்க, விட்டுவிட்டுப் போகவில்லை. தரையில் கிடந்த அந்த விமானத்தை அவர்கள் பார்க்கவே இல்லை. அவசரக்காரர்கள் என்று நிறையப் பேர் எழுதுவதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு வலிக்கும், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

1943 ஏப்ரல் 4. லிபியாவில் சோலூக் தளத்திலிருந்து இத்தாலியின் நேப்பிள்ஸ் துறைமுகத்தைத் தாக்க 25 விமானங்கள் கிளம்பின. விமானி ஹாட்டனின் குழுவுக்கு அதுதான் முதல் போர்ப் பயணம். மணல் புயலில் கடைசியாகக் கிளம்பியவர்களில் இவர்களும் உண்டு. நேப்பிள்ஸை நெருங்கும்போது இருட்டிவிட்டது, இலக்கு தெரியவில்லை, குண்டுகளைக் கடலில் போட்டுவிட்டுத் திரும்பினார்கள். நள்ளிரவு தாண்டியதும் ஹாட்டன் வானொலியில் திசை கேட்டார், கிடைத்தது. ஆனால் அதற்குள் தளத்தைத் தாண்டி உள்நாட்டுக்கு வந்துவிட்டிருந்தார்கள். கீழே கடல்தான் என்று நினைத்து இன்னும் இரண்டு மணி நேரம் பாலைவனத்துக்கு மேலே பறந்திருக்கிறார்கள். எரிபொருள் தீரும் நேரம் ராத்திரி 2 மணி, எல்லோரும் பாராசூட்டில் குதித்தார்கள். விமானமோ ஆளில்லாமலே போய் 25 கி.மீ. வாக்கில் தெற்கே தானாகத் தரையிறங்கிக்கொண்டது. அது முழுசாக இறங்கியிருக்கும் என்று குதித்தவர்களுக்கு எப்படித் தெரியும்?

வால்வுரேடியோ:
திசை கிடைத்தும் ஏன் தவறியது என்பதை நான் சொல்கிறேன். பழைய டிரான்சிஸ்டரில் மீடியம் வேவ் கேட்டவர்களுக்குப் புரியும். பெட்டியைத் திருப்பிக்கொண்டே வந்தால் ஒரு நிலையில் பாட்டு நன்றாகக் கேட்கும், அப்படியே பின்பக்கமாகத் திருப்பி வைத்தாலும் அதே அளவு கேட்கும். அந்தக் கால வளைய ஆன்டெனாவும் இப்படித்தான், விமானம் எந்தக் கோட்டில் இருக்கிறது என்று சொல்லும், கோட்டின் எந்தப் பக்கம் என்று சொல்லாது. வடக்கே கடல் மேலிருந்து வருகிறார்கள் என்று தரையில் இருந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். பிறகு தேடியதும் கடலில்தான்.

தூங்காதராத்திரி:
நன்றி அண்ணா, இப்போது புரிகிறது. குதித்த பிறகு என்ன ஆச்சு?

பழையவிமானம்:
எட்டுப் பேர் ஒன்று சேர்ந்தார்கள். குண்டு வீசும் பொறுப்பிலிருந்த வொராவ்காவைக் காணோம். 1960 ஆகஸ்டில்தான் அவர் உடல் கிடைத்தது, பாராசூட் சரியாக விரிந்திருக்கவில்லை.

மற்றவர்கள் கடற்கரை பக்கத்தில்தான் என்று நம்பி வடமேற்கே நடந்தார்கள். கடலோ 500 கி.மீ.க்கும் மேல் தள்ளி. எட்டுப் பேருக்கும் சேர்த்து அரை குடுவைத் தண்ணீர், நாளைக்கு ஒரு மூடி அளவு. துணை விமானி டோனர் நாட்குறிப்பு எழுதிக்கொண்டே வந்திருக்கிறார். பகலில் வெயில், ராத்திரி தூங்க முடியாத குளிர், கண் மங்குகிறது. பின்னால் தேடி வருபவர்களுக்கு அடையாளமாக பாராசூட் துணியைக் கிழித்து வைத்து, பறந்து போகாமல் மேலே கல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பூட்ஸைக்கூடப் போகும் திசையைக் காட்டும் அம்பு மாதிரி அடுக்கியிருந்தார்கள். சாகப் போகிற அவசரத்தில் இருப்பவன் செய்கிற வேலையா இது?

ஏப்ரல் 9இல் ஐந்து பேரால் அதற்கு மேல் முடியவில்லை. ஹாட்டன், டோனர், ஹேய்ஸ், லாமோட், ஆடம்ஸ். அதற்குள் நூறு கிலோமீட்டருக்கு மேல் நடந்திருந்தார்கள். ஷெல்லி, ரிப்ஸ்லிங்கர், மூர் மூவரும் உதவி தேடி முன்னே போனார்கள். ரிப்ஸ்லிங்கரும் குறிப்பு எழுதினார், 11ஆம் தேதியோடு நிற்கிறது. டோனர் 12ஆம் தேதி, உதவி வரவில்லை, ரொம்பக் குளிர் என்று எழுதியதுதான் கடைசி.

தூங்காதராத்திரி:
இதைப் படித்துவிட்டு எழுந்து போய் என் தண்ணீர் பாட்டில் மூடியில் ஊற்றிப் பார்த்தேன். நாக்கு நனைகிறது, அவ்வளவுதான். எட்டு நாள் தாங்கியிருக்கிறார்களே. அந்த மூன்று பேர் கிடைத்தார்களா?

பழையவிமானம்:
1960இல் முதலில் ஐந்து பேரின் உடல்கள் ஒரே இடத்தில் கிடைத்தன. மே மாதம் ஷெல்லியும் ரிப்ஸ்லிங்கரும் கிடைத்தார்கள், ஐவரைத் தாண்டி இன்னும் 30 கி.மீ.க்கு மேல் மணல்மேடுகளுக்குள் போயிருந்தார்கள். மூர் மட்டும் கிடைக்கவில்லை.