பழைய ஐ3 மடிக்கணினிக்கு எந்த லினக்ஸ்? வைஃபையும் பாமினி வினாத்தாள்களும் வேலை செய்ய வேண்டும்

கரும்பலகை (கேள்வி)

வணக்கம். நான் பள்ளி ஆசிரியர். என்னிடம் இருப்பது 2015-இல் வாங்கிய மடிக்கணினி: இன்டெல் ஐ3 ஐந்தாம் தலைமுறைச் செயலி, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இந்தச் செயலி தகுதி பெறவில்லை. ஆகவே, நண்பர் ஒருவர் பரிந்துரைத்த லினக்ஸ் வழங்கலை (லினக்ஸ் இயங்குதளத் தொகுப்புகளுள் ஒன்றை) பென்டிரைவில் ஏற்றி இயக்கிப் பார்த்தேன். திரை, ஒலி, டச்பேட் அனைத்தும் சரியாக இருந்தன. வைஃபை என்ற ஒன்று இருப்பதாகவே அது காட்டவில்லை. வினாத்தாள், மதிப்பெண் பட்டியல், இணையம் ஆகிய மூன்றும்தான் என் தேவை. பழைய வினாத்தாள்கள் பலவும் ஒருங்குறி (யூனிகோட்) அல்லாத பாமினி எழுத்துருவில் உள்ளன. கட்டளைகளைத் தட்டிப் பழக்கமில்லாத என்னைப் போன்றவருக்கு எந்த வழங்கல் பொருந்தும்?

நள்ளிரவு நிரலர்

வழங்கலின் பெயரைத் தேடுவதற்கு முன், உங்கள் வைஃபை சில்லின் பெயரைத் தேடுங்கள். விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, நெட்வொர்க் அடாப்டர்ஸ் என்பதை விரித்தால் அது தெரியும். இன்டெல் சில்லுகளுக்கும் பெரும்பாலான ஏதெரோஸ் சில்லுகளுக்கும் உரிய இயக்கி (வன்பொருளை இயங்கவைக்கும் மென்பொருள்) லினக்ஸின் மையமான கருனியிலேயே இருப்பதால், பெரும்பாலான வழங்கல்களில் பிரச்சினை வராது. பிராட்காம் சில்லுகள் சிலவற்றுக்கு, மூலநிரல் திறக்கப்படாத தனி இயக்கியைப் பின்னர்தான் நிறுவ வேண்டும். அதை உடன் சேர்க்கலாமா என்பதில் ஒவ்வொரு வழங்கலின் கொள்கையும் வேறு என்பதால், ஒன்றில் தெரியும் வைஃபை மற்றொன்றில் தெரியாமல் போகிறது. கணினி பழுதாகிவிட்டதாக எண்ண வேண்டாம்.

கரும்பலகை

பார்த்தேன். பிராட்காம், பிசிஎம்43142 என்றிருக்கிறது.

நள்ளிரவு நிரலர்

அந்தத் தனி இயக்கியைக் கேட்கும் சில்லேதான். லினக்ஸ் மின்ட் 22 வரிசையில், எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பணிமேசை (திரைச்சூழல்) கொண்ட பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். உபுண்டு 24.04 என்ற வழங்கலை அடித்தளமாகக் கொண்ட இவ்வரிசைக்கு 2029 வரை மேம்படுத்தல்கள் உண்டு. இதிலுள்ள டிரைவர் மேனேஜர் என்னும் செயலி, தேவையான இயக்கியைத் தானே கண்டறிந்து காட்டும். நீங்கள் தேர்வுசெய்து சொடுக்கினால் போதும். இணையமே இல்லாமல் வைஃபை இயக்கியை எப்படி இறக்குவது என்ற ஐயம் எழும். ஆண்ட்ராய்டு கைப்பேசியை யுஎஸ்பி கம்பியால் இணைத்து, அமைப்புகளில் யுஎஸ்பி டெதரிங்கை இயக்கினால், கம்பிவழி இணையம் வந்ததாகவே கணினி எடுத்துக்கொள்ளும்.

கணினி எழும்போது முதலில் இயங்கும் பயாஸில், கையொப்பமில்லாத மென்பொருளைத் தடுக்கும் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு இயங்கிக்கொண்டிருந்தால் இன்னொரு படி உண்டு. இயக்கியை நிறுவும்போது ஒரு கடவுச்சொல்லை அமைக்கச் சொல்வார்கள்; அடுத்த முறை கணினி எழும்போது மோக் மேனேஜ்மென்ட் என்ற நீலத் திரை வரும். அது ஏறத்தாழ பத்து நொடிதான் நிற்கும். அதற்குள் ஏதேனும் ஒரு விசையை அழுத்தி, என்ரோல் மோக் என்பதைத் தேர்ந்து, அதே கடவுச்சொல்லைத் தர வேண்டும். தவறவிட்டால் இயக்கி நிறுவப்பட்டிருந்தும் இயங்காது. பென்டிரைவிலிருந்து சோதிக்கும்போது இந்தப் பதிவு செல்லுபடியாகாது என்பதால், சோதனை முடியும்வரை செக்யூர் பூட்டை அணைத்து வையுங்கள்.

தச்சுப்பட்டறை

மேலே சொன்னதில் எனக்கு உடன்பாடே. ஆனால் எக்ஸ்எஃப்சிஇ இலகுவானது என்பதை நம்பி 4 ஜிபி ரேமுடன் நிறுத்திவிடாதீர்கள். பணிமேசை எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும், உலாவியில் பத்துத் தாவல்களைத் திறந்தால் அதுவே நினைவகத்தை விழுங்கிவிடும். செலவழிக்க முடிந்தால் முதலில் ஒரு சாட்டா எஸ்எஸ்டியும், அடுத்து ரேமும் வாங்குங்கள்; உங்கள் தலைமுறை மடிக்கணினிகள் பலவற்றுக்கும் டிடிஆர்3எல் வகைதான் பொருந்தும், எனினும் பழைய ரேமின் மேலுள்ள வில்லையைப் படித்துவிட்டே கடைக்குச் செல்லுங்கள். புதிய எஸ்எஸ்டியில் லினக்ஸை நிறுவி, பழைய ஹார்ட் டிஸ்கை விண்டோஸோடு அப்படியே கழற்றி அலமாரியில் வைத்துவிட்டால், ஒரு கோப்பும் அழியாது. இரண்டு இயங்குதளங்களையும் ஒரே வட்டில் பிரித்து வைக்கும் வேலையும் மிச்சம்.

டெபியன் என்ற வழங்கலையும் சிலர் பரிந்துரைப்பார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல், வன்பொருளுக்குள் ஏற்றப்படும் சிறு மென்பொருள்களான மூடிய நிலைபொருட்களும் நிறுவியிலேயே சேர்க்கப்பட்டுள்ளன என்பது உண்மை. ஆனால் உங்கள் சில்லுக்கு வேண்டியது நிலைபொருள் மட்டுமன்று, முழு இயக்கி. அதை அங்கே நீங்களே தேடி நிறுவ வேண்டியிருக்கும். முதல் லினக்ஸாக அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஏட்டுச்சுவடி

பாமினி குறித்து யாரும் சொல்லவில்லை. எழுத்துரு இல்லாத கணினியில் அந்தக் கோப்புகளைத் திறந்தால், ‘தமிழ்’ என்ற சொல் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று கிடக்கும். கோப்பு கெட்டுவிடவில்லை, பாமினி எழுத்துருக் கோப்பைப் பயனர் எழுத்துரு அடைவில் இட்டு, லிப்ரெஆபிஸை மூடித் திறந்தால் தமிழாகத் தெரியும். புதிய வினாத்தாள்களை ஒருங்குறியிலேயே அடியுங்கள்; விசைப்பலகை அமைப்பில் தமிழ்99 என்ற தமிழ்த் தட்டச்சு முறை கிடைக்கும். பழையவற்றை எழுத்துருமாற்றி கொண்டு மாற்றும்போது, வினாவிலுள்ள ஆங்கிலச் சொற்களும் தமிழெழுத்தாகிக் குழறும் என்பதால், அறிவியல் தாள்களை மட்டும் வரிவரியாகச் சரிபாருங்கள்.

கரும்பலகை

செக்யூர் பூட்டை அணைத்து, கைப்பேசியை இணைத்து, மின்டைப் பென்டிரைவிலேயே இயக்கினேன். டிரைவர் மேனேஜர் பிராட்காம் இயக்கியைக் காட்டியது. நிறுவிய சற்று நேரத்தில் பக்கத்து வீட்டாரின் வைஃபைகூடப் பட்டியலில் வந்துவிட்டது. எஸ்எஸ்டி வாங்கியதும் முழுதாக நிறுவுகிறேன். அனைவருக்கும் நன்றி.