'தடைவடு' வேண்டாம் ஐயா, 'தழும்பு' என்றே சொல்வோம்

வணக்கம் ஐயா. நம் கலைச்சொல் பட்டியலில், தண்டுவடம் அடிபட்ட இடத்தில் உருவாகும் திசுவுக்கு நீங்கள் சொன்ன 'தடைவடு' காதுக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் அது நரம்பிழை வளரவிடாத தடை என்று பெயரிலேயே தீர்ப்பு எழுதிவிடுகிறோமே என்று எனக்கு உறுத்துகிறது.

நான் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் வளர்ந்தவள், அம்மா பால்மரம் வெட்டினார். கத்தி ஆழமாக இறங்கிக் கட்டையைத் தொட்டுவிட்டால் அங்கே பட்டை முண்டும் முடிச்சுமாகத் தடித்துவிடும், புதுப்பட்டை வந்த பிறகும் அந்த இடத்தில் ஒழுங்காகக் கோடு போட முடியாது. வெட்டுகிறவருக்கு அது தடைதான். மரத்துக்கோ காயத்தை மூடியதே அதுதான்.

தண்டுவடத்திலும் இந்த இரண்டு பக்கமும் உண்டு. 2002இல் எலிகளின் காயத்தில் காண்ட்ராய்ட்டினேஸ் நொதியைச் செலுத்தி, அங்கே சேர்ந்திருந்த புரதங்களின் சர்க்கரைச் சங்கிலிகளை அறுத்தபோது நரம்பிழைகள் வளர்ந்தன, நடையும் ஓரளவு தேறியது. அதனால் 'தடை' என்பது பொய்யில்லை. ஆனால் 2016இல் சுண்டெலிகளில், நரம்பணுக்களுக்குத் துணைநிற்கும் விண்மீன் வடிவ உயிரணுக்கள் (astrocytes) தழும்பாக மாறாமல் தடுத்துப் பார்த்தார்கள், இழைகள் தாமாக வளரவேயில்லை. தழும்பை அப்படியே விட்டுவிட்டு வளர்ச்சிக் காரணிகளைக் கொடுத்தபோதுதான் அதைத் தாண்டி வளர்ந்தன. வரிக்குதிரை மீனில் இவற்றுக்கு உறவான துணை உயிரணுக்கள் அறுந்த இரண்டு முனைகளுக்கும் பாலமே போடுகின்றன, சில வாரங்களில் மீன் மறுபடி நீந்துகிறது. இதையெல்லாம் 'தடை' என்ற சொல்லை வைத்துக்கொண்டு மாணவருக்கு எப்படி விளக்குவது?

'வடு'வுக்குக் குற்றம் என்ற பொருளும் இருக்கிறது. 'தழும்பு' வீட்டுச் சொல், மலாயில் 'பாருட்' என்று படித்துவிட்டு வரும் பிள்ளைக்கும் சட்டென்று புரியும்.

அப்புறம், அது ஒரே பொருளும் இல்லை. காயத்தின் நடுவில் இருப்பது நார்த்திசு, அதைச் சுற்றி நிற்பவைதான் விண்மீன் அணுக்கள். நடுவில் உள்ளதை 'நார்த்தழும்பு' என்றும் சுற்றியிருப்பதைத் 'துணையணுத் தழும்பு' என்றும் பிரிக்கலாம். விண்மீன் அணுக்கள் உட்பட நரம்பணுக்களுக்குத் துணைநிற்கும் உயிரணுக்களை ஆங்கிலத்தில் 'கிளையா' (glia) என்பார்கள், அதற்குக் கிரேக்கத்தில் பசை என்று பொருள், அதனால் 'ஒட்டணு' என்று யாராவது சொல்லக்கூடும். நரம்புக்கு அவை செய்யும் வேலை ஒட்டுவதோடு நிற்பதில்லை, எனவே 'துணையணு'வே என் தேர்வு.

அறுந்த இழை மீண்டும் நீள்வதை மட்டும் 'மீள்வளர்ச்சி' என்போம். பக்கத்தில் அறுபடாமல் இருக்கும் இழை கிளைவிடுவது வேறு, அதற்குக் 'கிளைப்பு' சரியாக இருக்கும். பட்டியலை முடிக்கும் முன் இந்த நான்கையும் பாருங்கள் ஐயா.