மண்டியில் விலை அடிபடும் மஞ்சள்: எங்கே கோளாறு?

தேக்கா மளிகை: தம்பி ஈரோடு மாவட்டம் கோபிப் பக்கம் ஒரு ஏக்கர் மஞ்சள் போடுறான். காய்ந்த விரலி (விரல் மாதிரி இருக்கும் கிளைக் கிழங்கு) பாலிஷ் டிரம்மில் நொறுங்குது, மண்டியில் விலையைக் குறைச்சிடுறாங்க. விதைச் செலவு வேற கழுத்தை நெரிக்குது. பேசாம நானே இங்கே சிங்கப்பூருக்கு இறக்கி விற்றால் கட்டுப்படியாகுமா?

மஞ்சக்காடு: நொறுங்கினால் வேக்காடு பத்தலைன்னு அர்த்தம். கூடிப்போனால் நிறம் கெடும். வெட்டிய 2, 3 நாளுக்குள் வேகவைக்கணும். விரலியையும் கிழங்கையும் (உருண்டையான தாய்க்கிழங்கு) ஒரே கொப்பரையில் போடக்கூடாது. கிழங்கு வேக நேரமாகும், அதுக்குள்ள விரலி குழைஞ்சிடும். 45 முதல் 60 நிமிஷத்தில் நுரை கட்டி, வாசனையோட வெள்ளை ஆவி வரும். மழுங்கின குச்சியால் குத்திப் பாருங்க, லேசா இறங்கினால் பதம். களத்தில் 5–7 செ.மீ. கனத்துக்குப் பரப்புங்க. மெல்லிசாப் பரப்பினால் நிறம் வெளுக்கும். ராத்திரி குவிச்சு மூடணும். 10–15 நாளில் காய்ஞ்சிடும். ஒடிச்சால் 'டக்'னு சத்தம் வரணும்.

குழித்தட்டு: விதைக்கு வழி இருக்கு அண்ணே. நேரடி நடவுக்கு ஏக்கருக்கு 800 கிலோவாவது போகும். ஒரு கணுவோட 5–7 கிராம் துண்டா நறுக்கி, நார்க்கழிவு 3 பங்கு, மண்புழு உரம் 1 பங்கு கலந்த குழித்தட்டில் வளர்த்து நட்டால் அதில் சுமார் பாதி விதை போதும். 45×15 செ.மீ. இடைவெளியில் ஏக்கருக்கு 60,000 நாற்று. 98 குழி உள்ள தட்டு 600-க்கு மேல் வேணும். தட்டு விலையே முதல் வருஷ மிச்சத்தைத் தின்னுடும், அதனால முதலில் கால் ஏக்கர் போதும்.

அழுகல் வந்த கிழங்கை விதைக்கு எடுக்கவே கூடாது. தண்ணி தேங்கும் காட்டில் அது வேகமாப் பரவும்: இலை ஓரம் மஞ்சளாகும், தண்டடி கொழகொழன்னு ஆகும், இழுத்தால் கையோட வரும். பிடுங்கிட்டு, சுற்றிலும் காப்பர் ஆக்ஸிகுளோரைடு பூஞ்சைக்கொல்லி லிட்டருக்கு 2.5 கிராம் ஊற்றணும். டிரைக்கோடெர்மாவை (நோயை அடக்கும் நல்ல பூஞ்சை) அதோட சேர்த்து ஊற்றக்கூடாது.

சரக்குக் கப்பல்: இறக்குமதி பற்றி. அங்கே நறுமணப் பொருள் வாரியத்தின் ஏற்றுமதிப் பதிவு, இங்கே எஸ்எஃப்ஏ (சிங்கப்பூர் உணவு அமைப்பு) அனுமதி, சரக்குக்குச் சரக்கு பெர்மிட். பச்சை 100 கிலோ காய்ந்தால் 20 கிலோ அளவுக்குத்தான் நிற்கும். ஒரு ஏக்கர் சரக்குக்கு இந்தச் செலவெல்லாம் தாங்காது. பதிவு உள்ள உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் வழியா அனுப்பச் சொல்லுங்க. பாலிஷில் மினுக்கம் கூட்ட யாராவது 'மஞ்சப் பொடி' தூவினால் விடாதீங்க. அது லெட் குரோமேட்டா (ஈயம் கலந்த மஞ்சள் சாயம்) இருந்தால், ஈயம் சோதனையில் மாட்டும், சாப்பிடுறவங்களுக்கும் விஷம்.

தேக்கா மளிகை: விரலியும் கிழங்கும் ஒண்ணாத்தான் வேகவைக்கிறான். இந்தப் பட்டத்தில் பிரிக்கச் சொல்றேன். இறக்குமதி அப்புறம்.